தொட்டியைக் கழுவுவதா, தண்ணீரை மாற்றுவதா?

தங்கமீன் வளர்க்கும் நம் வீடுகள் பலவற்றில் வாரக் கடைசியில் ஒரு வேலை நடக்கும். மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கண்ணாடியைத் தேய்த்து, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் பிசைந்து கழுவுவார்கள். சிலர் கற்களை வெயிலில் காயவும் வைப்பார்கள். புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டதும் தொட்டி பளிச்சென்று இருக்கும். சில நாளில் ஒரு மீன் செத்து மிதந்தால், கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்போம். அல்லது தங்கமீனுக்கு ஆயுளே இவ்வளவுதான் என்று தேற்றிக்கொள்வோம்.

ஆயுள் இவ்வளவு இல்லை. நல்ல பராமரிப்பில் தங்கமீன் 10 ஆண்டுகளைத் தாண்டி வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு கண்காட்சித் திடலில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை உயிரோடு இருந்தது, வயது 43. ஆகவே நம் தொட்டிகளில் மாதக்கணக்கில் முடிந்துபோகும் வாழ்வுக்கு மீனின் இயல்பைக் காரணம் காட்ட முடியாது. பராமரிப்பைத்தான் ஆராய வேண்டும். அதில் முதலில் நிற்பது இந்த வாராந்தரக் கழுவல்.

மீன் வளர்ப்பில் தேர்ந்தவர்கள் இவ்வழக்கத்தை ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள்: கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்று, மிச்சத்தைத் தொடாதே என்பார்கள். அந்த அறிவுரை எல்லாத் தொட்டிக்கும் பொருந்தாது. தங்கமீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. 1 கிராம் தீனி உள்ளே போனால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும். 10 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராம். 80 லிட்டர் தொட்டியில் 0.4 மில்லிகிராமுக்கும் குறைவு. ஃபில்டர் இல்லாத குடுவையில் வாரம் கால் பங்கு மட்டும் மாற்றினால் முக்கால் பங்குக் கழிவு உள்ளேயே தங்கும். வாராவாரம் மேலேறி, கடைசியில் ஒரு வாரக் கழிவைப் போல நான்கு மடங்கு அளவில்தான் அது நிலைகொள்ளும். அதற்குள் மீன் இருக்காது. அங்கே முழுத் தண்ணீரையும் மாற்றுகிறவர்தான் மீனைக் காப்பாற்றுகிறார்.

முழு மாற்றம் அறியாதவர் வேலை என்று சொல்வதற்கும் இடமில்லை. முதுகுத் துடுப்பில்லாத ரான்சூ வகைத் தங்கமீன்களைத் தலைமுறைகளாக வளர்க்கும் ஜப்பானியர்கள், ஆழம் குறைந்த அகன்ற தொட்டிகளில் தண்ணீரை முழுவதுமாக மாற்றும் முறையைத்தான் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் புதுத் தண்ணீரை முன்கூட்டியே பிடித்துத் திறந்த வெளியில் ஆறவைப்பார்கள். அதன் வெப்பநிலை பழைய தண்ணீருக்கு ஒத்துவந்த பிறகே மீனை விடுவார்கள். பாசியால் பச்சையேறிய பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பார்கள். நீரில் மிதக்கும் அந்தப் பாசியே அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். இந்த மூன்று முன்னேற்பாடும் இல்லாமல் அவர்களின் முழு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் இராது.

நம் வழக்கத்தின் குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தண்ணீரை மாற்றுவது, தொட்டியைக் கழுவுவது என்ற இரண்டு வேலைகளை நாம் ஒன்றாகக் கட்டிவிட்டோம். முதல் வேலை கழிவை நீக்குகிறது. இரண்டாவது வேலையோ கழிவை நீக்கும் உயிர்களையே அழிக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு என்பதை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் நிறுவினார். வீட்டு மீன்தொட்டியில் நைட்ரைட்டை மாற்றும் முக்கியப் பணியாள் நைட்ரோஸ்பிரா வகை என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கின்றன. பழுப்பு வழுவழுப்பாக நம் விரலில் படும் படலத்தில் அவையும் இருக்கின்றன. அழுக்கென்று நினைத்து அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்க்கிறோம், வெயிலில் உலர்த்துகிறோம். மெதுவாகப் பெருகும் இவை ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். வாரந்தோறும் கழுவும் தொட்டி அந்த ஆறாவது வாரத்தை ஒருநாளும் எட்டாது.

விளைவு வாரத்தின் நடுவில் தெரியும். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், அம்மோனியாவுக்கு நிறமில்லை. அது ஏறும்போது மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். பாதி வளர்ந்த பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டோடு நின்றுவிட்டால், அந்த நைட்ரைட் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் கெடுத்துச் செவுளைப் பழுப்பாக்கும். நம் ஊர்த் தட்பவெப்பம் இதைக் கடுமையாக்குகிறது. 20 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். குளிர்ந்த நீருக்குரிய தங்கமீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடுகிறது. நீரின் காரத்தன்மையும் பொருட்டு: 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதம், பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும்.

ஊற்றும் தண்ணீரிலும் ஆபத்து உண்டு. குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளைப் புண்ணாக்கும்; மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் அதை நொடியில் முறிக்கும். மே மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சுடும். சுத்தமானது என்று நம்பி ஊற்றும் கேன் தண்ணீரில் பி.எச். அளவைத் தாங்கிப்பிடிக்கும் தாது உப்புகள் மிகக் குறைவு. நாளடைவில் தண்ணீர் அமிலமாகி அந்தப் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும். கொஞ்சம் மாற்றும்போது மீன் தாங்கிக்கொள்ளும் இந்த வேறுபாடுகள், முழுவதையும் மாற்றும்போது ஒரே நிமிடத்தில் அதன் மேல் விழுகின்றன.

ஃபில்டர் பக்கம் நிற்பவர்களிடமும் குறை உண்டு. ஃபில்டர் போட்டாயிற்று என்று மாதக்கணக்கில் தண்ணீரையே மாற்றாமல் விடுகிறார்கள். ஃபில்டர் நைட்ரேட்டோடு நின்றுவிடும். அதை வெளியேற்ற வாளிதான் வேண்டும். இரைச்சலுக்கும் மின்கட்டணத்துக்கும் அஞ்சி இரவில் நிறுத்துகிறார்கள். ஓட்டம் நின்ற பஞ்சுக்குள் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. பஞ்சு கறுத்ததும் தூக்கிப்போட்டுப் புதிது வைக்கிறார்கள். குழாயடியில் கழுவுபவர் செய்யும் தவறும் இதுவும் ஒன்றே.

இரு பக்கமும் எடைபோட்டால் தீர்ப்பு தெளிவாகவே கிடைக்கிறது. வாராவாரம் வாளி எடுக்கும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது. மீனை வாரம் ஒருமுறையாவது உற்றுப் பார்க்கவைக்கும் பழக்கம் அது. கைவிட வேண்டியது கழுவலை. கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரைக் கற்களின் அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். அழுக்கும் கூடவே வரும். அப்படி எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைக்கலாம். குளோரின் முறித்த, வெப்பம் ஒத்த தண்ணீரை ஊற்றலாம். மீனை வலையில் பிடிக்கவே வேண்டாம்.

குடுவைக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு உதவாது. முழு மாற்றம் இல்லாமல் அதில் மீன் பிழைக்காது. அந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் தாங்கியும் பிழைக்காது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004இலும் ரோம் 2005இலும் உருண்டைக் குடுவையில் தங்கமீன் வைக்கத் தடை விதித்தன. ஒராண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை உடல் வகையில் ஒரு மீனுக்கே 70, 80 லிட்டர் வேண்டும் என்பது அனுபவசாலிகள் கணக்கு. நீள உடல் கொண்ட சாதாரணத் தங்கமீன் ஓரடி வரை வளரும். அதற்கு இன்னும் பெரிய இடம் தேவை.

வண்ண மீனுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூர்க் கடைகளிலும் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிப் போகும் குடும்பங்களே அதிகம். விற்பவர் அன்று தொட்டியையும் ஃபில்டரையும் கொடுத்து, ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சையும் சேர்த்துத் தந்து, தொட்டி பழகிய பிறகு மீனுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு விற்பனை சில வாரம் தள்ளிப்போகும்; வாங்கியவர் இரண்டு மீன் செத்ததும் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடாமல் தொடர்ந்து வருவார். வாங்குகிறவரும் அந்தச் சில வாரங்களைக் கொடுக்க வேண்டும். பத்தாண்டு வாழக்கூடிய ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் செய்ய வேண்டிய முதல் கடமை அது.