மின்னஞ்சல் அனுப்பியவரைத் தேடும் கருவிகள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

"தம்பி, இதை அனுப்பினவன் எங்க இருக்கிறான் எண்டு பார்த்துச் சொல்லேலுமோ?"

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கணினியோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவர் எவருடைய காதிலும் இந்தக் கேள்வி விழுந்திருக்கும். கனடாவில் வேலை உறுதி, கட்டணத்தை மட்டும் அனுப்புங்கள் என்று ஒரு கடிதம். வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரரின் பெயரில் முற்பணம் கேட்டு இன்னொன்று. பெண்பிள்ளையின் படம் கையில் இருப்பதாகச் சொல்லி மிரட்டி வேறொன்று. கேட்பவரின் பதற்றம் உண்மையானது. 'மின்னஞ்சலை வைத்து ஆளைக் கண்டுபிடி' என்று இணையத்தில் தேடினால், வரைபடத்தில் ஊசி குத்திக் காட்டும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த ஊசியை நம்பி ஒருவர் மேல் பழி விழுந்துவிடக்கூடாது என்ற கவலையில்தான் இவற்றை எடுத்துப் பார்த்தேன்.

யாரென்று தெரியாதவரின் கடிதத்தை வைத்து இந்தக் கருவிகளைச் சோதிப்பதில் பயன் இல்லை. காட்டும் இடம் சரியா பிழையா என்று உறுதி செய்ய வழி இராது. அதனால் இருப்பிடம் தெரிந்தவர்களையே அனுப்பச் சொன்னேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மச்சான், லண்டனில் ஒரு நண்பர், பலாலி வீதிக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்து நான். ஜிமெயில் இணையத்தளம், கைத்தொலைபேசிச் செயலி, கணினியில் நிறுவிய தண்டர்பேர்ட், ஒரு சிறு நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் என்று அனுப்பும் வழிகளையும் மாற்றினோம்.

எல்லாக் கருவிகளுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: ஹெடர். நாம் வாசிக்கும் கடிதத்துக்கு மேலே, கண்ணுக்குப் படாமல் நாற்பது ஐம்பது வரிகள் இருக்கும். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்தால் அது விரியும். யாகூவில் 'வியூ ரோ மெசேஜ்' என்று இருக்கும். கைத்தொலைபேசியில் உள்ள ஜிமெயில் செயலியில் இந்த வசதி கிடையாது. கணினி முன்னால் உட்கார வேண்டும், அல்லது கைத்தொலைபேசியின் பிரவுசரில் டெஸ்க்டொப் பக்கத்தைத் திறக்க வேண்டும். கைத்தொலைபேசி தவிர வேறெதுவும் இல்லாத வீடுகளே இங்கே அதிகம் என்பதால் இது பெரிய குறைதான்.

ஹெடரில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள்தான் பயணத்தின் பதிவு. கடிதம் எந்தெந்தத் தபால்கந்தோர் வழியாக வந்ததோ அந்தந்த முத்திரை உறையில் விழுவதைப் போல, கடிதத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு சேர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் முந்தைய வரிக்கு மேலே பதித்துவிடும். ஆகவே கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். 1982இல் ஜொன் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையிலிருந்து வரும் பழக்கம் இது. அன்று அனுப்புபவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நம்பும் சிறு வட்டமாக இருந்தார்கள். பொய் சொல்வாரைத் தடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. இன்றும் நம் பக்கத்துச் சேர்வர் பதித்த வரிகளை மட்டுமே நம்பலாம். அவற்றுக்குக் கீழே உள்ளவற்றை அனுப்பியவரே தட்டச்சு செய்து வைத்திருக்கலாம்.

இந்த வரிகளை வெறும் கண்ணால் வாசிப்பது சிரமம். பிரித்துக் காட்ட மூன்று கருவிகளைப் பயன்படுத்தினேன். கூகிள் அட்மின் டூல்பொக்ஸில் உள்ள 'மெசேஜ்ஹெடர்' மிக எளிமையானது. எந்தச் சேர்வரிலிருந்து எதற்குப் போனது, இடையில் எத்தனை வினாடி தாமதம் என்று அட்டவணையாகத் தரும், வேறு ஆடம்பரம் இல்லை. மைக்ரோசொஃப்ட்டின் 'மெசேஜ் ஹெடர் அனலைசர்' எல்லா வரிகளையும் தனித்தனியே அடுக்கித் தரும். அவுட்லுக் கடிதங்களில் வரும் எரித வடிகட்டிக் குறியீடுகளை வாசிக்க வேண்டியவருக்கு அதுதான் நல்லது. எம்எக்ஸ்டூல்பொக்ஸ் இன்னொரு படி போய், வழியில் உள்ள சேர்வர்கள் கறுப்புப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பார்க்கும். மூன்றும் இலவசம். மூன்றும் சொன்னதைச் செய்கின்றன. ஆளின் இருப்பிடத்தைச் சொல்வதாக மூன்றில் ஒன்றுகூட வாக்களிக்கவில்லை. இவற்றை நான் மதிப்பது அந்த அடக்கத்துக்காகத்தான்.

பெயர் தெரியாத தளங்களில் ஹெடரை ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அதில் உங்கள் முகவரியும், சில வேளை அதே கடிதம் போன மற்றவர்களின் முகவரிகளும் இருக்கும்.

இனிச் சோதனையின் முடிவு. ஜிமெயில் இணையத்தளத்திலிருந்தும் செயலியிலிருந்தும் மச்சான் அனுப்பிய கடிதங்களில் அவருடைய ஐபி முகவரி, அதாவது அவரது இணைய இணைப்பின் இலக்கம், இல்லவே இல்லை. லண்டன் நண்பர் அனுப்பியவையும் அப்படியே, நான் எனக்கே அனுப்பியவையும் அப்படியே. அனுப்புபவரின் ஐபி முகவரியை ஜிமெயில் தளம் வெளியே விடுவதில்லை. ஹெடரில் இருப்பது கூகிளின் சேர்வர் முகவரி. அதை வரைபடத் தளத்தில் இட்டால் அமெரிக்கா என்று வரும். ஸ்காபரோ, லண்டன், உரும்பிராய் மூன்றும் ஒரே அமெரிக்க ஊசியாகக் கண்முன் நின்றன. ஒரு காலத்தில் ஹொட்மெயில், அனுப்பியவரின் ஐபி முகவரியைத் தனி வரியாகவே ஹெடரில் வைத்தது. பின்னர் அதைக் கைவிட்டுவிட்டது. அந்தக் காலத்து வழிமுறையை இன்றைக்கும் கற்றுக்கொடுக்கும் காணொளிகளைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தண்டர்பேர்ட் வழியாக ஜிமெயில் சேர்வருக்கு அனுப்பியபோது கதை மாறியது. கடைசி 'ரிசீவ்ட்' வரியில் என் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி இருந்தது. சிறு நிறுவனத்தின் மின்னஞ்சலை அதே மென்பொருளில் அமைத்து அனுப்பியபோதும் இருந்தது. ஆக, முகவரி கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. கிடைத்தால் அடுத்த கேள்வி, அதை வைத்து உரும்பிராய்க்கு வர முடியுமா என்பது.

வர முடியவில்லை. ஐபி முகவரியின் பதிவைப் பார்க்க எப்னிக் நடத்தும் 'ஹூஇஸ்' தேடல் இருக்கிறது. ஆசிய-பசுபிக் பகுதிக்கு முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அது. அதில் நாடு இலங்கை என்றும், முகவரித் தொகுதியை வைத்திருக்கும் நிறுவனம் எது என்றும், முறைப்பாடு அனுப்ப வேண்டிய தொடர்பு எது என்றும் கிடைக்கும். இது உறுதியான தகவல். இதற்கு மேல் ஊர், தெரு என்று எவர் சொன்னாலும் அது ஊகம். நான் பார்த்த இலவச வரைபடத் தளங்கள் என் வீட்டு இணைப்பைக் கொழும்பில் குத்தின. கைத்தொலைபேசி டேட்டாவுக்கும் கொழும்புதான். யாழ்ப்பாணத்தில் ஒரு மேசையில் இருந்து எழுதியவனுக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதியவனுக்கும் இந்த ஊசியில் வேறுபாடு இல்லை.

கைத்தொலைபேசி டேட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வகை ஐபி முகவரிகள் ஆசியாவில் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டன. பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியின் பின்னால் பெருந்தொகையான வாடிக்கையாளர்களை நிறுத்துகின்றன. அந்த நொடியில் அந்த முகவரியை யார் பயன்படுத்தினார் என்று சொல்ல நிறுவனத்தின் பதிவேடு வேண்டும். வினாடி பிசகாத நேரமும், கூடவே போர்ட் இலக்கமும் வேண்டும். வெளியில் இருக்கும் எந்தத் தளத்திடமும் அந்தப் பதிவேடு இல்லை.

பிழையான ஊசி எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பொட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணை வீடு சாட்சி. மக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் ஐபி இருப்பிடத் தரவுத்தளத்தில், 'அமெரிக்கா' என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கு நாட்டின் நடுப்புள்ளியாக ஒரு முழு எண் ஆயத்தொலைவைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி விழுந்த இடம் அந்த வீடு. 60 கோடிக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த இடத்தைச் சுட்டின. உலகின் எந்த மூலையிலோ நடந்த மோசடிக்கும் திருட்டுக்கும் விளக்கம் கேட்டுப் பொலிஸாரும், ஏமாந்தவர்களும், வரி அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் எழுதிய பிறகுதான் அந்த வீட்டார் காரணத்தை அறிந்தார்கள். நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே நகர்த்தியது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த நம் ஊர்களில், 'வரைபடம் உங்கட ஒழுங்கையைக் காட்டுது' என்ற ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹெடரில் ஒரு சிறு தடயம் மட்டும் என்னைக் கவர்ந்தது. 'டேட்' வரியின் கடைசியில் நேர வித்தியாசம் இருக்கும். மச்சானின் கடிதத்தில் ரொறன்ரோ நேரம், நண்பரின் கடிதத்தில் லண்டன் நேரம், என்னுடையதில் +0530. கணினியின் கடிகாரத்தை மாற்றினால் இதுவும் மாறிவிடும். ஆனால் கவனமில்லாத மோசடிக்காரர் இதை மறந்துவிடுவார். ரொறன்ரோ அலுவலகத்திலிருந்து எழுதுவதாகச் சொல்லும் கடிதத்தில் +0530 நின்றால் கேள்வி எழுப்பத்தான் வேண்டும். அதற்கு மேல் இழுக்கக்கூடாது. 2006 ஏப்ரலில் இலங்கை மறுபடி இந்திய நேரத்துக்கு வந்ததிலிருந்து யாழ்ப்பாணம், சென்னை, டில்லி மூன்றுக்கும் இந்த எண் ஒன்றே.

எங்கிருந்து என்ற கேள்விக்கு இவ்வளவு தடுமாறும் ஹெடர், 'சொல்லும் ஆள்தானா' என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் தருகிறது. ஜிமெயிலின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தின் உச்சியிலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள், 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்ற முடிவோடு நிற்கும். கடிதத்தை அனுப்பிய சேர்வருக்கு, முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் பார்க்கிறது. டொமைன்காரரின் மின் கையொப்பம் உடையாமல் இருக்கிறதா என்று டிகிம் பார்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' முகவரியோடு அவை பொருந்துகின்றனவா என்று டிமார்க் பார்க்கிறது. ஒரு வங்கியின் பெயரில் வந்த கடிதத்தில் டிமார்க் தோற்றிருந்தால் அதை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். மோசடிக்காரர் தானே ஒரு டொமைனை வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தால் மூன்றும் 'பாஸ்' ஆகிவிடும். எனவே பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். கனடா அரசாங்கக் கடிதம் என்றால் முகவரி 'ஜீசீ டொட் சீஏ' அல்லது 'கனடா டொட் சீஏ' என்று முடியும். கனடாக் குடிவரவு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அங்கேயே முடிந்தது. 'ரிப்ளை-டூ' வரியில் வேறொரு முகவரி ஒளிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் மதிப்பில் இந்த ஒரு பக்கம், இருப்பிடம் காட்டுவதாகச் சொல்லும் எல்லாத் தளங்களையும் விடப் பெறுமதியானது.

கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றை வைத்துப் பதில் அனுப்பி, மோசடிக்காரர் திறக்கும்போது அவருடைய ஐபி முகவரியைப் பிடிக்கச் சொல்லும் சேவைகளும் உண்டு. அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சேர்வர் வழியாகவே எடுத்துக் காட்டுகிறது. 2021இல் அப்பிளும் தன் மெயில் செயலியில் இதே போன்ற மறைப்பைக் கொண்டுவந்தது. அகப்படுவது பெரும்பாலும் அந்த நிறுவனங்களின் முகவரிதான். உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்ற செய்தியோ எதிராளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

உண்மையில் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு இலங்கையைத் தொட்ட ஒரு வழக்கே இருக்கிறது. 2015இன் தொடக்கத்தில் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்களுக்கு ரசல் அஹ்லம் என்ற பெயரில் பணிவான வேலை விண்ணப்பம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அப்படி ஓர் ஆள் இல்லை. அந்த வழியாக நுழைந்தவர்கள் 2016 பெப்ரவரியில் 10 கோடி டொலருக்கு மேல் கிளப்பினார்கள். அதில் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கை நோக்கி வந்தது. நிறுவனத்தின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் எழுந்து தடுக்கப்பட்டது. வடகொரிய நிரலாளர் ஒருவர் மேல் அமெரிக்கா குற்றம் சுமத்தியது 2018இல். அதற்கு எஃப்பிஐ ஏறத்தாழ 100 தேடுதல் உத்தரவுகளைப் பெற்று, ஆயிரம் வரையான மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் பதிவுகளைத் துருவியது. எந்தக் கணக்கு எந்த ஐபி முகவரியிலிருந்து திறக்கப்பட்டது என்ற விவரம் சேவை வழங்குநரிடம் இருந்தது. நீதிமன்ற உத்தரவைக் காட்டினால்தான் அது வெளியே வரும்.

இலங்கையிலும் அந்தக் கதவு சட்டத்தின் வழியாகத்தான் திறக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், தரவுகளை அழியாமல் பாதுகாத்து வைக்க உத்தரவிடும் அதிகாரத்தைத் தருகிறது. 2015இல் தெற்காசியாவில் முதலாவதாக இலங்கை இணையக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் சேர்ந்ததால், வெளிநாட்டிடம் ஆதாரம் கேட்கவும் வழி உண்டு. கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு இருக்கிறது. உரும்பிராய்க்காரருக்கு முதல் படி கோப்பாய் பொலிஸ் நிலையம்.

அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது திரைப்பிடிப்பு அல்ல. கடிதத்தைச் சாதாரணமாக இன்னொருவருக்கு ஃபோர்வர்ட் செய்தாலும் பழைய ஹெடர் கூடவே போகாது. 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் 'டவுன்லோட் ஒரிஜினல்' என்று இருக்கும். அதை அழுத்தினால் கடிதம் ஹெடரோடு ஒரே கோப்பாக இறங்கும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். மிரட்டல் கடிதம் வந்த வீட்டில் முதலில் கேட்கும் சொல் 'உடனே அழிச்சுப்போடு' என்பதுதான். அந்தப் பயம் புரிகிறது. பிள்ளை ஏற்கெனவே அழித்திருந்தால் ஏச வேண்டாம். ஜிமெயிலின் குப்பைக்கூடையில் அது 30 நாட்கள் இருக்கும். அதற்குள் எடுத்துவிடலாம்.