ஜைகோவும் பாரி மகளிரும்

டோரேமான் ஏன் நோபிடாவின் வீட்டுக்கு வந்தது? தினமும் அதைத் தமிழில் பார்க்கும் பிள்ளைகளில் பலருக்கே இது தெரியாது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் இக்கதையைத் தொடங்கினார். முதல் கதையில் நோபிடாவின் எள்ளுப்பேரன் சேவாஷி எதிர்காலத்திலிருந்து வந்து இறங்குகிறான். நோபிடாவின் தொழில் நொடித்துக் கடன் குவியும், ஜியானின் தங்கை ஜைகோதான் மனைவியாக வருவாள் என்கிறான். நோபிடா அலறுகிறான். கடனும் பருமனான பெண்ணும் ஒரே துரதிர்ஷ்டப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். அந்த விதியை மாற்றவே இயந்திரப் பூனை அனுப்பப்படுகிறது. மாற்றப்பட்ட விதியில் மணமகள் ஷிசுகா.

ஷிசுகா அழகானவள், அன்பானவள், அடிக்கடி குளிப்பவள். நோபிடா மந்திரக் கதவைத் திறந்தால் அது அவளுடைய குளியலறையில் போய்த் திறக்கும், அவள் கத்துவாள், நாம் சிரிக்க வேண்டும். ஒரு சிறுமியின் கூச்சலை நகைச்சுவையாகக் கேட்டுப் பழகுவதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஜைகோ படக்கதை வரைபவள். கிறிஸ்டின் கோடா என்று புனைபெயர் வைத்துக்கொண்டு விடாமல் வரைகிறாள். தன் கையால் ஒன்றை உருவாக்கும் பெண் தண்டனை. பார்க்கப்படும் பெண் பரிசு. இதுதான் கதையின் கணக்கு.

நம் பண்பாட்டை அந்நியக் கார்ட்டூன்கள் கெடுக்கின்றன என்பவர்கள் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பேச முடியாது. இது இங்கேயே விளைந்த சரக்கு. 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ படத்தில் கதாநாயகன் பெண் தேடுகிறான். பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், முகத்தில் கருமை அப்பி நிறுத்தப்படுகிறார்கள். அவர்களைக் கண்டு மிரள்வதுதான் நகைச்சுவை. அவர்களுடைய பெயர்கள் அங்கவை, சங்கவை. பிற்கால மரபு பாரி மகளிருக்குச் சூட்டிய பெயர்கள் அவை. புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாடிய கவிஞர்கள் அவர்கள். தந்தை இறந்தபின் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனார். இருவரும் மணக்க மறுத்தார்கள். தமிழ்த் திரையரங்கு மூன்றாவது முறையாக மறுத்தது, கைதட்டலோடு. ஷங்கர் ஜப்பானிடமிருந்து இதைக் கடன் வாங்கியிருக்கத் தேவையே இல்லை. அங்கே படம் வரைபவள், இங்கே பாட்டுக் கட்டியவர்கள். இரு இடத்திலும் அவர்களுடைய கலை கணக்கில் வரவில்லை, உடலும் நிறமும்தான் வந்தன.

ஜைகோ என்பது பட்டப்பெயர்தான். அவளுடைய இயற்பெயர் கதையில் எங்கும் இல்லை. அதே பெயருள்ள நிஜச் சிறுமிகள் பள்ளியில் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது என்றே ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டார் என்பார்கள். தன் நகைச்சுவை யாரைக் காயப்படுத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முந்திரித் தோப்புகள் சூழ்ந்த எங்கள் வரதராஜன்பேட்டையில் அந்தக் கவனம் பலிக்கவில்லை. எங்கள் தெருவில் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஒரு சிறுமியைப் பையன்கள் ‘ஏய் ஜைகோ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டப்பெயரே போதுமானதாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஃபுஜிகோ ஜைகோவை முதல் கதையோடு கைவிடவில்லை. அவளுக்குப் பேனா கொடுத்தார், புனைபெயர் கொடுத்தார், தன் படைப்பு தேறுமா என்று தவிக்கும் படைப்பாளியின் மனத்தையும் கொடுத்தார். ஷிசுகாவின் குளியலறையை அவர் பூட்டவில்லை என்பதும் உண்மை. அங்கவைக்கும் சங்கவைக்கும் அப்படி ஓர் அடுத்த காட்சி கிடைக்கவில்லை. பூசிய மையைத் துடைத்துவிட்டு அவர்கள் பாடுவதை நாம் எந்தப் படத்திலும் கேட்கவில்லை.

பெயர் வைத்துக் கூப்பிடும் அந்தப் பையன்களுக்கு ஜைகோ படம் வரைவாள் என்பது நன்றாகத் தெரியும். அந்தச் சிறுமிக்கும் தெரியும். அவளிடம் அதைப் பற்றி யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.