பரிந்துரைக்குக் கேடயம்

எங்கள் பகுதி வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழு போன மாதம் ஆண்டு விழா நடத்தி ஒருவருக்குக் கேடயம் கொடுத்தது. வருடம் முழுக்க அதிகம் பேரைச் சக உறுப்பினர்களிடம் அனுப்பிவைத்தவர் அவர். எத்தனை பேர், எத்தனை லட்ச ரூபாய் வியாபாரம் என்று மேடையில் வாசித்தார்கள். போனவர்களில் எத்தனை பேருக்கு வேலை ஒழுங்காக நடந்தது என்று வாசிக்கவில்லை. அந்தக் கணக்கு குழுவிடம் கிடையாது.

சிறிய அச்சகம் நடத்தும் நானும் அதே குழுவில்தான் இருக்கிறேன். பலனே இல்லை என்று சொன்னால் பொய். 2020 ஊரடங்கில் மளிகைக் கடைகள் பலவற்றுக்கு வாட்ஸ்அப்பில் வந்த சாமான் பட்டியல்தான் கல்லாவை ஓட வைத்தது. சிவகாசியிலிருந்து காலியாகத் திரும்பும் வண்டி, அவசரத்துக்கு இரண்டு ரீம் ஆர்ட் பேப்பர், கட்டிங் மிஷின் கத்திக்குச் சாணை பிடிக்க ஆள் என எதைக் காலையில் கேட்டாலும் மதியத்துக்குள் பதில் வந்துவிடும். தகவல் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

தகவலுக்கு மேல் ஒரு படி ஏறும்போதுதான் வம்பு. ‘அவர் எங்கே இருக்கிறார்’ என்று சொல்வது தகவல். ‘அவரிடம் போங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்’ என்பது ஜாமீன். குழுக்களில் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையை வேறு துணைக்கு அழைக்கிறார்கள். வேலை கிடைத்த விதத்தை அவர் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். தூரத்துப் பழக்கமே அதிகம் உதவியது. ஆனால் அந்தக் கட்டுரையின் வாதம் புதிய செய்தி எந்த வழியாக வருகிறது என்பதைப் பற்றியது. தூரத்துப் பழக்கக்காரர் ஒருவருடைய வேலைத் திறமைக்குச் சாட்சி சொல்லலாம் என்று அது சொல்லவில்லை.

ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்ற விதியைப் பாருங்கள். 1985இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பு பிரபலமாக்கிய முறை இது. உள்ளூர்க் குழுக்கள் பலவும் நகல் எடுத்திருக்கின்றன. உள்ளே போட்டி வராது, வாஸ்தவம். ஆனால் அந்த ஒரே எலக்ட்ரீஷியன் ஊரிலேயே நல்ல எலக்ட்ரீஷியன் என்பதால் உள்ளே வரவில்லை. முதலில் சேர்ந்தார், அவ்வளவுதான். வாரம் ஒரு பெயராவது அனுப்பியாக வேண்டும் என்கிற நெருக்கடியில் எல்லோரும் அவரையே சொல்கிறோம். அவர் எனக்கு ஒரு விசிட்டிங் கார்டு ஆர்டர் அனுப்பியிருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

அப்படி நானும் சொன்னேன். இருபது வருடமாக என்னிடம் அச்சடிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர், மொட்டை மாடி ஒழுகுகிறது, ஆள் தெரியுமா என்று கேட்டார். குழுவில் இருந்தவரைக் கைகாட்டினேன். அவர் வேலையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறி, பீரோவுக்குப் பின்னால் சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்தவர் சண்டை போடவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதான் சார் வேற யார்கிட்டயும் விலைகூட விசாரிக்கல” என்றார். பத்திரிகையை வேறு அச்சகத்தில் அடித்துக்கொண்டார். குழுவின் கணக்கில் மட்டும் அந்த மாடி வேலை, நான் கொண்டுவந்த வியாபாரமாக இன்னும் இருக்கிறது.

வியாபாரிகள் சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் நாடார் உறவின்முறை மகமை வசூலித்துப் பொது நிதி வைத்தது. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையின் பின்னால் அந்த உழைப்பு இருந்தது. ஒரே சாதிக்குள் நின்ற ஏற்பாடு அது, அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மகமையில் வியாபாரி போட்டது தன் விற்பனையில் ஒரு பங்கு. நம் குழுவில் பொதுவில் போடுவது வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கை. அது நம் பணமல்ல. இப்படி எடுத்துப் போடுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் குழுவில் இல்லை.

கேடயம் வாங்கியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதர், எனக்கும் நான்கு பேரை அனுப்பியிருக்கிறார். நான்கு பேரையும் அனுப்பும்வரை அவர் என் அச்சகத்துக்குள் காலடி வைத்ததில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் வாடிக்கையாளர்களாகத்தான் இருப்பீர்கள். அடுத்த முறை உங்கள் கடைக்காரர் ஒரு பெயரைச் சொன்னால், ‘இவர் உங்கள் வீட்டில் என்ன வேலை செய்தார்?’ என்று அவரிடமே கேளுங்கள்.