சோழமண்டலத்தின் கணக்கு நோட்டு

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது ஒரு கதை. 1966இல், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் சிற்பிகளும் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். பெரிய புரவலர் யாரும் இல்லை. பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசு. பகலில் வயிற்றுக்குப் பத்திக், மிச்ச நேரத்தில் மனசுக்கு ஓவியம். கலைஞர்கள் தாங்களே நடத்துகிற இடங்கள் உலகமெங்கும் முளைத்து நாலைந்து வருஷத்தில் மூடிக்கொள்கின்றன. இது நின்றது.

நல்ல கதைதான். ஆனால் கதையைச் சொல்லிச் சொல்லியே அதன் ஆதாரங்களைத் தேடாமல் இருந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1961இல் பணிக்கர் தொடங்கிய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழ் இருக்கிறது. ஜோசப் ஜேம்ஸ் தொகுத்து 2004இல் வந்த சோழமண்டலம் பற்றிய பெரிய புத்தகம் இருக்கிறது. 2009இல் கிராமத்துக்குள்ளேயே திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும், மெட்ராஸ் கலை இயக்கம் என்று நாம் சொல்வதன் நல்ல முகமும் கிடைக்கும். நான் குறை சொல்வது இவற்றின் தரத்தை அல்ல. இவை மூன்றுமே படைப்புகளின் வரலாறு. இடத்தின் வரலாறு வேறே.

இடத்தின் வரலாறு என்றால் என்ன? மெழுகு காய்ச்சியது யார், சாயம் முக்கியது யார், ஒரு துணி என்ன விலைக்குப் போனது, அதில் சங்கத்துக்கு எவ்வளவு, செய்தவருக்கு எவ்வளவு? மனை பிரித்தபோது கடல் பக்கம் யாருக்கு? கூட்டத்தில் யார் எதிர்த்துப் பேசினார், யார் கோபித்துக்கொண்டு போனார்? வீட்டுப் பெண்கள் பார்த்த வேலைக்குக் கணக்கு உண்டா? அச்சில் வரும் வரலாற்றில் பத்திக் பெரும்பாலும் முன்கதை. ஓவியம் வந்ததும் அது ஒதுங்கிக்கொள்கிறது. ஓவியம் வரைந்ததால் சோழமண்டலம் தனித்து நிற்கவில்லை. ஓவியம் எல்லா ஊரிலும் வரைகிறார்கள். தன் சோற்றைத் தானே சம்பாதித்ததால் தனித்து நின்றது. அதன் மையமான ஆவணம் கேன்வாஸ் அல்ல, கணக்கு நோட்டு.

எங்க ஊர் நாசரேத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மர்காஷிஸ் ஐயர் 1878இல் இங்கே ‘ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்’ தொடங்கினார். தச்சும் கொல்லும் கற்றுக்கொடுத்த இடம். சோழமண்டலத்துக்கு நேர் எதிர்: மேலே மிஷன், அதற்கும் மேலே லண்டனில் எஸ்.பி.ஜி. சங்கம். பணம் அங்கிருந்து வந்ததால் அறிக்கையும் அங்கே போயாக வேண்டும். அதனால் எங்க ஊரைப் பற்றிய காகிதம் கப்பலேறி, இன்றைக்கு அந்தச் சங்கத்தின் ஆவணங்களோடு ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. உளி பிடித்த பையன்களின் குரலை அதில் தேடுவது கஷ்டம். அது பணம் கொடுத்தவர் படிக்க எழுதப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆவணம் சேர்க்கிறது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் காகிதம் சேர்வதில்லை. நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால் எதற்கு எழுதிவைக்க வேண்டும்? சுதந்திரம் தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போகிறது. கலைஞர்கள் நடத்தும் இடங்களின் வரலாறு மெலிந்து கிடப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்; சோம்பல் அல்ல.

இன்னொரு குறை மொழி. ஆர்ட்ரெண்ட்ஸும் ஆங்கிலம், ஜோசப் ஜேம்ஸும் ஆங்கிலம். அதே காலத்தில் தமிழில் சிறுபத்திரிகைகள் ஓவியர்களோடு கைகோத்து நின்றன. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வந்த ஆதிமூலத்தின் கோடுகள் அட்டைகளிலும் உள்பக்கங்களிலும் ஓடின, கி.ரா.வின் எழுத்துக்குத் துணை போயின. அந்த இதழ்களை இலக்கிய ஆவணம் என்று மட்டும் அடுக்கிவைத்திருக்கிறோம். கலை வரலாற்றுக்காரர் அந்த அலமாரிப் பக்கம் வருவதில்லை, நாமும் கூப்பிடுவதில்லை.

காகிதம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வழி இருக்கிறது. தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முழுமையற்ற தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லித் தொகுத்தார். அளவு பிசகியிருக்கும், கிணறு இருந்த திசை மாறியிருக்கும். பரவாயில்லை, அந்தப் பிசகும் ஆவணம்தான். ஈஞ்சம்பாக்கத்திலும் இதைச் செய்யலாம். முதல் குடிசை எங்கே, தண்ணீர் எங்கிருந்து வந்தது, மெழுகுச் சட்டி எந்தத் திண்ணையில், ராமானுஜம் எங்கே உட்கார்ந்து வரைவார் என்று ஆளாளுக்கு வரைந்து தரட்டும். முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

“கலைஞன் ஏன் குமாஸ்தா வேலை பார்க்கணும்? இடம் மறைந்தால் மறையட்டுமே” என்று சிலர் கேட்பார்கள். மறையலாம். ஆனால் மறைந்த இடத்தை வேறு ஒருவர் எழுதுவார். ஏலக் கம்பெனி எழுதினால் விலை வரலாறு. நிதி தரும் அறக்கட்டளை எழுதினால் அது கேட்கிற வரலாறு, மறுபடி ஒரு மிஷன் அறிக்கை. அதனால் இதை அங்கே வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் செய்ய வேண்டும், தமிழிலும் செய்ய வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. ராமானுஜம் 1973இலும், பணிக்கர் 1977இலும், நந்தகோபால் 2017இலும் போய்விட்டார்கள். 1966இல் இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். ஓவியத்துக்கு விலை இருப்பதால் அதை யாராவது பத்திரப்படுத்துவார்கள். பத்திக் விற்ற ரசீதுக்கு விலை இல்லை. பரணைச் சுத்தம் பண்ணும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அதுதான்.