நோவும் ஊசியும்

உடப்புசல்லாவைத் தோட்டங்களில், செங்குத்தான மலைச்சரிவில் காலை ஊன்றி நின்று, கூடைக் கயிற்றை நெற்றியில் தாங்கி, குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான் (அரைநாட் சம்பளந்தான்) விழும் என்ற அச்சத்தோடு பொழுதெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்ணின் கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும் நோவு குடியேறிவிடுவதில் ஆச்சரியமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைக்கும் பனடோலும், அவள் வசிக்கும் லயக் காம்பராவில் இருக்கும் கோடாலித் தைலமுமே அவளுக்குத் தெரிந்த பரிகாரங்கள். அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியம் இத்தகைய நோவுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று ஆராயப் புகுவோர், அவ்வைத்தியத்தை இலங்கையில் பிரபலப்படுத்திய டாக்டர் அன்ரன் ஜயசூரியவின் பணியிலிருந்து தொடங்குவது தகும்.

ஜயசூரிய மேனாட்டு வைத்தியத்தை முறையாகக் கற்று மூட்டுவாத நோய்களில் நிபுணராக விளங்கியவர். சீனாவில் ஊசி வைத்தியம் பயின்று வந்து, களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் அதனைப் பிரயோகித்தவர். மாத்திரைகளால் தணிக்கலாமே தவிரத் தீர்க்க முடியாத வலியோடு நாள்தோறும் வந்து நிற்கும் நோயாளரைக் கண்ட ஒரு நிபுணர் வேறு மார்க்கம் தேடியது இயல்பே. பணம் கொடுத்துச் சிகிச்சை பெற இயலாத ஏழைகளுக்கும் அரசாங்க வைத்தியசாலையின் வாசலிலேயே அது கிடைக்கச் செய்தது, என் அபிப்பிராயத்தில், அவருடைய பணிகளுள் தலையாயது.

உடலெங்கும் பன்னிரண்டு பிரதான நாடிகளில் உயிர்ச்சக்தி ஓடுகிறது, அது தடைப்படுமிடத்து நோய் பிறக்கிறது என்பது சீன சாஸ்திரத்தின் கொள்கை. உடலை அறுத்துப் பார்த்த எவரும் அந்த நாடிகளைக் கண்டதில்லை. ஆயினும் ஊசி குத்துவதால் நரம்பு மண்டலத்தில் ஏதோ நிகழ்கிறது என்பதை மறுக்கவும் இயலாது. வலியின் செய்தி மூளைக்கு ஏறுமுன் முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடக்கிறது என்றும், வேறு உணர்ச்சிகள் அவ்வாயிலைச் சாத்தக்கூடும் என்றும் மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் விளக்கினர். உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் அடுத்த பத்தாண்டில் கண்டறியப்பட்டபோது, ஊசியின் பயனுக்கு அவையும் ஒரு காரணமாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

ஆனால் சாஸ்திரம் குறித்த புள்ளியில்தான் குத்த வேண்டுமா? ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1162 பேரைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட பரிசோதனை இங்கே மிகவும் முக்கியமானது. ஒரு சாராருக்குச் சீன முறைப்படி உரிய புள்ளிகளிலும், மற்றொரு சாராருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகவும் ஊசி குத்தினர். மூன்றாம் சாராருக்கு மருந்து, பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதங்களின் பின் குணம் கண்டவர்கள் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4 பேர். உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை. இரண்டுமோ வழக்கமான சிகிச்சையை வெகுவாக விஞ்சின. ஆகவே, நோயாளியைத் தொட்டு, விசாரித்து, அரை மணி நேரம் படுக்கவைத்துக் கவனிக்கும் அந்தப் பராமரிப்புக்கும் நோயாளியின் நம்பிக்கைக்குமே பயனின் பெரும்பகுதி உரியது என்று கொள்வது நியாயம். (தோட்டத்துப் பெண்ணின் இடுப்பு வலியை எவராவது அரை மணி நேரம் கேட்டதுண்டா என்ற கேள்வி இந்த இடத்தில் எழாமல் இராது.) இங்கிலாந்தின் சுகாதார நெறியாளர்கள் 2009இல் இடுப்பு வலிக்கு ஊசியைச் சிபாரிசு செய்து, 2016இல் அதை விலக்கி, 2021இல் காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்கு மீண்டும் அனுமதித்தது, சான்றுகள் எவ்வளவு மயங்கிக் கிடக்கின்றன என்பதற்குச் சாட்சி.

ஜயசூரியவின் வழியில் குறை எங்கே என்றால், வலிக்குள் நில்லாமல் எல்லை கடந்ததில்தான். ஓமியோபதியையும் அவர் அணைத்துக்கொண்டார். அவர் நிறுவிய சர்வதேசத் திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பல நாட்டவருக்கும் பட்டங்கள் வழங்கப்பட்டன. குறுகிய காலப் பயிற்சியோடு ஊசியைக் கையிலெடுத்தவர்களும் பெருகினர். மார்புக்கூட்டில் ஆழம் தெரியாமல் குத்தினால் நுரையீரல் துளைபட்டுவிடும். மூட்டுவாத நிபுணர் குத்தும் ஊசியின் பின்னால் பல ஆண்டு நோய்நிதான அறிவு நிற்கிறது. பட்டத்தை மாத்திரம் பெற்றவரிடம் அது இராது.

மற்றொன்றும் உண்டு. எந்த ஊசி குத்தினாலும், மறுநாள் அதே சரிவில் அதே கூடை அதே நெற்றியில் ஏறுமாயின் வலி திரும்பி வரும். கூடையின் பாரத்தையும் கிலோக் கணக்கையும் குறைப்பது வைத்தியரின் அதிகாரத்தில் இல்லை. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது.

நாட்பட்ட இடுப்பு, முழங்கால், தலை வலிகளுக்கு, மேனாட்டு வைத்தியமும் அறிந்த ஒருவர் கையால், சுத்தமான புது ஊசியால், துணைச் சிகிச்சையாகச் செய்துகொள்வதில் தடையில்லை. ஆனால் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஊசி வைத்தியரைத் தேடி நேரம் போக்காமல் நுவரெலியா வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள்.