மண்டபம் தப்பியது, மேடை?

பண்டத்தரிப்பில் போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த தேவாலயம், 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்கு மாறியது. 1820இல் அமெரிக்க மிஷனின் வைத்தியர் ஜோன் ஸ்கடர் இங்கு வந்து தங்கியபோது ஊர் மிஷன் தளமாயிற்று. பழைய இடிபாடு திருத்தப்பட்டு மறுபடியும் பயன்பட்டது. ஒரே வளவுக்கு மூன்று சபைகள். ஆனால் ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்க வழிபாடு அதனால் அழிந்துவிடவில்லை. பக்கத்துச் சில்லாலையில், 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளின் துணையோடு அது வீடுகளுக்குள் உயிர்பிடித்தது. கட்டடம் ஒரு பக்கம் போக, அதற்குள் நடந்தது வேறு பக்கம் போய்ப் பிழைத்தது.

பழைய அரங்குகளை வேறு தேவைக்கு மாற்றுவதைப் பற்றி இன்று பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கட்டடம் நின்றால் வெற்றி என்கிறோம். அரைவாசி வெற்றி என்றே நான் சொல்வேன்.

சென்னை விக்டோரியா மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். விஜயநகரம் அரசர் ஆனந்த கஜபதி ராஜு 1883இல் அடிக்கல் நாட்டினார், கட்டடக்கலைஞர் சிசம் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். சிவப்புச் செங்கல், திருவாங்கூர்ப் பாணிக் கூரை போட்ட கோபுரம், மேல்மாடியில் மரத்தாலான கலரி. விக்டோரியா மகாராணியின் பொன்விழாப் பெயரைத் தாங்கிய அந்த மண்டபம் கூட்டங்களுக்கும் நாடகங்களுக்குமாகவே எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை அதைத் தன் வீடாக்கிக்கொண்டது. வக்கீல்களும் உத்தியோகத்தரும் கூச்சமில்லாமல் வேஷம் கட்டி ஏறிய மேடை அது. 1896இல் அங்கேயே சலனப்படமும் காட்டப்பட்டது.

அந்த மேடைக்கும் எங்களுக்கும் உறவு உண்டு. சுகுண விலாச சபை இலங்கைக்கு வந்து நடித்ததைக் கண்டு எழுந்த ஊக்கத்தில்தான் கலையரசு சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கினார். ஈழத்து நவீன நாடகத்தின் ஒரு வேர் அந்த மரக் கலரிக்குக் கீழே இருக்கிறது. சென்னை மண்டபம் பின்னாளில் பூட்டிக் கிடந்த ஆண்டுகள் யாழ்ப்பாணத்தவருக்கும் இழப்புத்தான்.

அது பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் என்ன? 1936இல் சுகுண விலாச சபை தனக்கென மவுண்ட் ரோட்டில் சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட்டது. மண்டபத்தை நாளும் திறந்து, விளக்கேற்றி, ஒத்திகை பார்த்த கூட்டம் இல்லாமற்போனது. மிச்சம் இருந்தது வாடகைக்கு எடுப்போரும் குத்தகைத் தகராறும். பக்கத்து மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து, அந்த இடம் ரயில்வேக்குப் போனது. மண்டபம் தப்பியது நல்லூழ். பின்னர் மாநகராட்சி அதைப் புதுப்பிக்க இறங்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். கூரையும் கலரியும் பழையபடி ஒளிரலாம். ஆனால் மாதத்தில் எத்தனை இரவு அங்கே நாடகம் நடக்கிறது என்பதே என் கேள்வி.

கூட்டம் போனபின்னும் அறை தப்பிய கதை ஒன்று இலண்டனில் உண்டு. நகரின் கிழக்கே, துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த ஒயிட்சப்பலில், ஜோன் வில்டன் என்பவர் தம் மதுக்கடைக்குப் பின்னால் 1859இல் ஒரு பாட்டு மண்டபம் திறந்தார். முறுக்கிய இரும்புத் தூண்கள், காகிதக்கூழில் வார்த்த அலங்காரத்தோடு மாடி முகப்பு, குரல் நன்றாக எட்டும் அமைப்பு. 1877இல் எரிந்தது, அடுத்த ஆண்டே மறுபடி எழுந்தது. 1888இல் மெதடிஸ்த மிஷனார் அதை வாங்கினார்கள். மதுவை வெறுத்த அவர்கள், மதுக்கடை வளவிலேயே பிரசங்கம் செய்தார்கள். 1889 துறைமுக வேலைநிறுத்தத்தின்போது பட்டினித் தொழிலாளருக்கு நாளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாப்பாடு கொடுத்தார்கள். 1956 வரை அவர்கள் இருந்தார்கள். அதன்பின் அது கந்தற்றுணிக் கிடங்கு. 1960களில் இடிக்கத் தீர்மானித்தபோது கவிஞர் பெட்ஜமன் போன்றோர் எதிர்த்து நின்றார்கள். 1997இல் மறுபடியும் அங்கே மேடையேறினார்கள்.

அந்த மண்டபத்தைக் காப்பாற்றியதில் மெதடிஸ்தருக்குப் பெரும்பங்கு உண்டு என்பேன். அவர்களுக்கும் வேண்டியிருந்தது மேடை, கூட்டம், குரல் எட்டும் சுவர். ஆகவே அறையைக் கூறுபோடவில்லை. கிடங்குக்காரருக்கும் தூண்களைப் பிடுங்கத் தேவை வரவில்லை. நாடகத்தைப் பாவம் என்று நினைத்தவர்களிடமே நாடக அரங்கு ஏறக்குறைய எழுபது வருடம் பத்திரமாக இருந்தது! நோக்கம் எதிரானதாயினும், அறையை அறையாக விட்ட மாற்றம் திரும்பி வரும் வழியை அடைக்காது.

இந்த முறையின் குறையும் அங்கேயே தெரிகிறது. 1997இல் திரும்பியது நாடகமும் கவிதை வாசிப்பும்; துறைமுகத் தொழிலாளி வேலை முடிந்து வந்து சேர்ந்து பாடிய பாட்டு அல்ல. அந்தக் கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. கல்லை மீட்கலாம், பார்வையாளரை மீட்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இதன் கடுமையான வடிவத்தைக் கண்டோம். இசைநாடகம் ஆடிய கொட்டகைகளின் இடத்தைச் சினிமா பிடித்தது. பிறகு யுத்தம். சிறீதர் தியேட்டர் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமாகிப் பல்லாண்டு அப்படியே இருந்தது. பண்டத்தரிப்பில் தேவாலயம் கை மாறியபோது நடந்ததுபோல, இங்கும் அதிகாரம் உள்ளவர் பக்கம் கட்டடம் சாய்ந்தது. படம் பார்த்த சனத்தை எவரும் கேட்கவில்லை. மாற்றத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். எந்த மண்டபத்தை எதுவாக ஆக்குவது என்ற முடிவில் அதைப் பாவித்தவர்களுக்கு இடமே இல்லை.

மண்டபமே வேண்டாத கலையும் எங்களிடம் உண்டு. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்துக்குக் கோயில் வளவில் மேடை கட்டுவார்கள். அண்ணாவியார் தாளத்தைத் தட்ட, விடியும்வரை ஆட்டம். காலையில் பந்தல் பிரிபடும். கட்டடம் இல்லாததால் பறிகொடுக்கவும் எதுவுமில்லை. ஆனால் அதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் ஒத்திகைக்கு இடமில்லை. உடுப்பும் கிரீடமும் வைக்க அறையில்லை. பழகியவர் புலம்பெயர்ந்தால் கொப்பிகளும் அவரோடு போய்விடும்.

ஆகவே இருக்கும் மண்டபங்களை மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. புத்தகசாலை வரட்டும், கலியாணமும் நடக்கட்டும். ஆனால் குத்தகை எழுதும்போதே, நடுச்சுவர் எழுப்பக்கூடாது, மேடையை உடைக்கக்கூடாது, மாதத்தில் சில இரவுகள் ஊர்க் கூத்துக்காரருக்கும் நாடக மன்றங்களுக்கும் இலவசம் என்று எழுத வேண்டும். அந்த இரவுகளை யார் கேட்டுப் பெறுவது என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு காவலாளியின் இடுப்பிலேயே இருக்கும்.