மூச்சொலிக் கலையும் பொதுவெளியும்

மனித மூச்சையே மூலப்பொருளாகக் கொண்டு ஒலிக்கலை படைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றியது. ஒலிக்கலை என்பது சுரம், தாளம் ஆகிய இசைக் கட்டுக்கோப்புகளைச் சாராமல், ஒலியையும் அது ஒலிக்கும் இடத்தையும் கேட்பவரின் உடலையும் சேர்த்தே படைப்பாக்கும் கலைவடிவமாகும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஆன்ரி 1963-இல் ஒரு கதவின் ஒலியையும் ஒரு பெருமூச்சையும் கொண்டு மாறுபாடுகளின் தொடர் ஒன்றை ஒலிநாடாவில் உருவாக்கியபோது, பாட்டுக்குத் துணைநின்ற மூச்சு தானே பாடுபொருளாயிற்று. எனினும் அது ஒலிநாடாவை விட்டு மக்கள் கூடும் இடங்களுக்கு வந்த பிறகே இக்கலையின் வலிமையும் குறையும் தெளிவாகத் தெரியத் தொடங்கின.

முதல் இடர் மூச்சொலியின் இயல்பிலேயே இருக்கிறது. ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, முறைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். அதில் எழும் ஒலிக்கு நிலையான சுருதி கிடையாது, பல அதிர்வெண்கள் கலந்த மெல்லிய இரைச்சல் மட்டுமே உண்டு. போக்குவரத்தின் ஓசையும் பல அதிர்வெண்களில் பரவியதே என்பதால், தெருவில் அது மூச்சை எளிதில் விழுங்கிவிடுகிறது. ஆகவே கலைஞர் ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பெருக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு பெருக்கிய மூச்சு, நோயாளியின் இழுப்பாகவோ திகில் படத்தின் பின்னணியாகவோ கேட்டுவிடும் ஆபத்தும் உடன் வருகிறது. பெருக்குவதற்குப் படைப்பின் உள்ளேயே காரணம் இருக்கிறதா என்பதுதான் இங்கே எழுப்ப வேண்டிய முதல் கேள்வி.

நிகழ்த்துகலைஞர்களான மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் 1977-இல் பெல்கிரேடில் நிகழ்த்திய படைப்பில் அந்தக் காரணம் இருந்தது. இருவரும் மூக்குத் துளைகளை சிகரெட் வடிகட்டிகளால் அடைத்து, வாயோடு வாய் பொருத்தி, ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுத்தனர். உயிர்வளி குறையக் குறைய மூச்சு கனத்து இரைந்ததை, உடலோடு ஒட்டிய ஒலிவாங்கிகள் பார்வையாளருக்குக் கொண்டுசேர்த்தன. கண்ணுக்குப் பெரிதும் அசையாத அந்த நிகழ்வில், உடலுக்குள் நடப்பதற்கு ஒலியே சான்றாக நின்றது.

கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2012-இல் படைத்த 'கடைசி மூச்சு' இதற்கு நேர்மாறானது. கியூபப் பாடகி ஒமாரா போர்துவோந்தோவின் மூச்சு ஒரு பழுப்புக் காகிதப் பைக்குள் அடைக்கப்பட்டு, விசையால் இயங்கும் துருத்தி ஒன்றால் நெளிகுழாய் வழியே முன்னும் பின்னும் செலுத்தப்படுகிறது. பை நாளொன்றுக்கு 10,000 முறை உப்பித் தளர்கிறது, இடையிடையே 158 பெருமூச்சுகளும் விடுகிறது. கேட்பது காகிதத்தின் சரசரப்பும் இயந்திரத்தின் ஓசையுமே. உயிரோடு இருக்கும் ஒருவரின் மூச்சை நினைவுப்பொருளாக்கும் அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் அந்த எண்ணிக்கைகள் ஓய்வாக இருக்கும் பொதுவான ஒரு மனிதரைக் கருதி வைக்கப்பட்டவை. பாடலின் நடுவே மூச்சைத் தேக்கியும் பிரித்தும் பழகிய ஒரு பாடகியின் தனித்தன்மை அந்த ஒலியில் துளியும் இல்லை. பெயரை நீக்கிவிட்டால் படைப்பு யாருடையதாகவும் ஆகிவிடும் என்பது சிறிய குறையன்று.

இதே பொதுமைப்படுத்தலே இக்கலையின் ஆழமான பலவீனமாகும். மூச்சு எல்லோருக்கும் பொது என்ற வாதத்தை, அமெரிக்காவில் எரிக் கார்னர் 2014-இலும் ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020-இலும் காவலர் பிடியில் மூச்சுத்திணறி இறந்த பிறகு எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சும் ஆலைப்புகையில் வாழ்பவரின் மூச்சும் வேறு வேறு வரலாறுகளைச் சுமக்கின்றன. மேலும் மூச்சு நோயையும் அச்சத்தையும் காட்டிக்கொடுக்கக் கூடியது. அதனால் வழிப்போக்கரின் மூச்சை அவர் அறியாமல் பதிவுசெய்யும் எந்த அமைப்பும், கலையின் பெயரால் நடந்தாலும், அத்துமீறலே.

இவ்விடர்களுக்கெல்லாம் மிக எளிய விடையை பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1966-இலேயே தந்திருந்தார். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையை மறு முனைக்குள் செருகி வளையமாக்கி, காதருகே பிடித்து இழுத்துத் தளர்த்தினால், மூச்சுவிடுவது போன்ற ஒலி எழும். ஒலிபெருக்கியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸின் 'ஒலித் தியானங்கள்' தொகுப்பில் முதலாவதும் இவ்வகையினது: வட்டமாகக் கூடியிருப்போர் தத்தம் மூச்சைக் கவனித்து, அது மெல்ல மெல்லக் குரலாக மாற இடமளிக்கிறார்கள். இவற்றுக்கும் எல்லை உண்டு. குழாய் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டால் வெறும் குழாயாகிவிடும்; வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு அந்தத் தியானத்தில் இடமில்லை. ஆயினும் மூச்சு அதை விடுபவரிடமே இருக்கிறது என்பதால், சேமித்துக் காட்டும் படைப்புகளைவிடக் கேட்பவரையே மூச்சுவிட அழைக்கும் இப்படைப்புகளே பொதுவெளிக்கு ஏற்றவை.